இரண்டு நூற்றுப்பன்னிரண்டுகள்

இடும்பவர்மன் என்று ஒரு ராஜா. எண்ணுவதென்றால் அவருக்கு உயிர். ஒருநாள், கோட்டைக்குள் மூச்சுவிடும் எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு எண் கொடுக்கச் சொல்லிவிட்டார். ஒரு எண்ணுக்கு ஒரே உயிர்தான். அதுதான் சட்டம்.

பதிவேடு எழுதும் ஓலைநாயகம் பூதலிங்கர் ஒரே நாளில் வேலையை முடித்தார். மறுவாரமே வம்பு வந்தது. நூற்றுப்பன்னிரண்டாம் எண் கரும்புத் தோட்டத்தில் புகுந்து முந்நூறு கரும்பைத் தின்றுவிட்டதாம். அதைக் கொட்டடியில் சங்கிலியால் கட்டும்படி உத்தரவானது. காவலர்கள் பூக்காரி செண்பகவடிவைப் பிடித்துவந்தார்கள்.

"முந்நூறு கரும்பா! எனக்கு ரெண்டு பல்லு ஆடுது மகாராசா!" என்று அழுதாள் அவள். "தின்னது பட்டத்து யானைதான். ஊரே பாத்துச்சு!"

"ஓலையில் இவள் நூற்றுப்பன்னிரண்டு. ஓலை பொய் சொல்லாது" என்றார் பூதலிங்கர். பாவம், காலில் சங்கிலியும் ஏறிவிட்டது.

சபையில் அம்பலக்கூத்தர் என்று ஒரு குறும்புக்காரர் உண்டு. அவர் மெல்ல எழுந்தார்.

"ஓலைநாயகமே, இத்தனை உயிரை ஒரே நாளில் எப்படி எழுதினீர்?"

பூதலிங்கருக்குப் பெருமை தாங்கவில்லை. "வடக்கு வாசலில் ஒரு எழுத்தர், தெற்கு வாசலில் ஒரு எழுத்தர். ஒரே நேரத்தில் எழுதினார்கள்!"

"இருவரும் எந்த எண்ணில் ஆரம்பித்தார்கள்?"

"இதென்ன கேள்வி? ஒன்றிலிருந்துதான்! ஏழிலிருந்தா எண்ணுவார்கள்?"

அம்பலக்கூத்தர் தெற்கு வாசல் ஓலையை வாங்கி முதல் வரியைப் படித்தார். பிறகு வெளியே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் உப்பு வியாபாரியின் கழுதை. அதைச் சிம்மாசனத்தின் அருகில் நிறுத்தி, "மாமன்னர் வாழ்க!" என்று கும்பிட்டார்.

"என்ன திமிர்!" என்று குதித்தார் ராஜா.

"கோபிக்காதீர்கள் அரசே. தாங்கள் வடக்கு வாசலில் ஒன்று. இவர் தெற்கு வாசலில் ஒன்று. பட்டத்து யானையும் இந்த அம்மாளும் இப்படித்தான் இரண்டு நூற்றுப்பன்னிரண்டுகள் ஆனார்கள். ஒரு எண்ணுக்கு ஒரே உயிர்தானே? ஓலைநாயகமே, ஓலை சரியென்றால் இருவரில் ராஜா யார் என்று சொல்லும். தவறென்றால் அந்த அம்மாளின் சங்கிலியை அவிழும்."

பூதலிங்கர் ராஜாவைப் பார்த்தார். கழுதையைப் பார்த்தார். ஓலையைப் பார்த்தார். மறுபடி கழுதையைப் பார்த்தார்.

"இதில் யோசிக்க என்னய்யா இருக்கிறது!" என்று அலறினார் ராஜா.

"ஓலைதான் தவறு அரசே, ஓலைதான் தவறு!"

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. செண்பகவடிவின் சங்கிலி கழன்றது. அன்றே எல்லா எண்ணுக்கும் முன்னால் வாசலின் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னார்.

"கூத்தரே, என்ன பரிசு வேண்டும்?"

"எனக்கு ஒன்றும் வேண்டாம் அரசே. வடக்கு ஒன்று வயிறு குலுங்கச் சிரித்துவிட்டது. தெற்கு ஒன்றுக்கு மட்டும் ஒரு கட்டுப் புல் போடச் சொல்லுங்கள். விட்டால் ஓலையைத் தின்றுவிடும்!"