எலுமிச்சம்பழப் பரீட்சை

கொண்டையூர் ஜமீன்தார் சுட்டு ஒரு முயல்கூடச் செத்ததில்லை. பழி எப்போதும் துப்பாக்கிமேல்தான். அதன்மேல் பொருத்தும் தொலைநோக்கி ஒன்றைப் பட்டணத்து வியாபாரி கொண்டுவந்தான்.

"இதில் பார்த்தால் ஈயின் கண்கூடத் தெளிவாகத் தெரியும். உங்கள் குறிக்கேற்ற கண்ணாடி" என்று குழைந்தான்.

ஜமீன்தார், துப்பாக்கி தூக்கும் மாடக்கண்ணுவிடம் திரும்பினார். "தொடாமலே இதன் தரத்தைச் சொல்லுடா. இல்லாவிட்டால் உனக்கு இங்கே வேலை கிடையாது."

"சரிங்க எசமான். வியாபாரி ஐயா எலுமிச்சம்பழத்தைக் கையில் ஏந்திக்கிட்டு அந்த மாமரத்தடியில் நிற்கட்டும். நீங்க இதில் பார்த்துப் பழத்தைச் சுடுங்க."

வியாபாரி தொலைநோக்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "ஓரமெல்லாம் கொஞ்சம் மங்கல்தான். பொழுது சாய்ந்தால் ஒன்றுமே தெரியாது" என்று உளறிக்கொட்டினான்.

ஜமீன்தார் சிரித்துக்கொண்டே மாடக்கண்ணுவிடம் கேட்டார். "நல்ல கண்ணாடியாக இருந்தால் நீ போய் நிற்பாயாடா?"

"வேட்டையில் நீங்க குறிபார்க்கிற இடத்தில்தானே எப்பவும் நிற்கிறேன் எசமான். காட்டில் அதைவிடப் பத்திரமான இடம் வேறில்லை."