உப்பு மேட்டின் முதல் உரிமை

ஒரு காட்டில் திமிலன் என்ற காட்டெருமை தன் கூட்டத்துக்குத் தலைவனாக இருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. உப்பு மேட்டுக்குப் போனால் தலைவன்தான் முதலில் உப்பு மண்ணை நக்கும். அது போதும் என்று நகரும் வரை மற்றவை பின்னால் வரிசையாக நிற்கும். திமிலனுக்கு உப்பின் ருசியைவிட அந்த வரிசைதான் அதிகம் பிடித்திருந்தது.

வரிசையில் அடுத்த இடம் வெண்காலனுக்கு. அது இளையது, சாது. ஆனாலும் அது மூச்சு விட்டால்கூடத் தன் இடத்தைக் குறிவைத்துத்தான் விடுகிறது என்று திமிலனுக்குத் தோன்றும்.

குளத்தங்கரையில் ஓர் அட்டை இருந்தது. காட்டுக்கே அதுதான் வைத்தியர். காலில் ஒட்டி ஒரு வாய் உறிஞ்சினால், ரத்தம் நிதானமாக ஓடுகிறதா, முட்டிக்கொண்டு வருகிறதா என்று சொல்லிவிடும். ஓடி வந்த வேகத்தில் யாரையும் பார்க்காது. நின்று மூச்சு வாங்கிய பிறகுதான் காலை நீட்டச் சொல்லும். ஒருமுறை பார்த்ததை வைத்து முடிவும் சொல்லாது.

திமிலனையும் வெண்காலனையும் அது பலமுறை பார்த்தது. பிறகு சொன்னது: இரண்டுக்கும் ரத்தம் முட்டுகிறது. உப்பு மேட்டை மறக்க வேண்டும். தினமும் சரிவில் ஏறி இறங்க வேண்டும். ஓடைக்கரையில் இருக்கும் கசப்புத் தழையை ஒரு நாளும் விடாமல் தின்ன வேண்டும்.

"எனக்கு ஒரு வலியும் இல்லையே" என்றது திமிலன்.

"வலித்தால் நான் சொல்லாமலே நீ வந்திருப்பாய். இது சொல்லிக்கொண்டு வராது" என்றது அட்டை. "பொய் சொல்லி எனக்கென்ன லாபம்? நீ விழுந்தால் எனக்கு ஒரு வேளைச் சாப்பாடு போச்சு."

திமிலன் வழியெல்லாம் யோசித்தது. நான் உப்பை விட்டால் முதலில் நக்கப் போவது யார்? வெண்காலன். அதற்கும் நோய் என்றது வெறும் நடிப்பு; அட்டையும் அதுவும் சேர்ந்து போட்ட திட்டம் இது! மறுநாள் அது வழக்கத்தைவிட அதிக நேரம் மண்ணை நக்கியது.

வெண்காலனோ உப்பு மேட்டுப் பக்கமே வரவில்லை. தழையைத் தின்றது, சரிவில் ஏறியது. அதன் தொப்பை கரைந்தது. கன்றுகள் விளையாட்டாக அதன் பின்னால் ஏறத் தொடங்கின. வெண்காலன் நடையைப் பார்த்தீர்களா என்று தாய் எருமைகள் பேசிக்கொண்டபோது திமிலனுக்கு வயிறு எரிந்தது. தூக்கம் போயிற்று.

ஒருநாள் அது ஓடைக்கரைக்கே போய் நின்றது.

"என்னடா, நன்றாகத்தானே இருக்கிறாய்? இன்னும் எதற்குத் தழை?"

"தழையால்தான் நன்றாக இருக்கிறேன், அண்ணே. விட்டால் மறுபடியும் முட்டுமாம். நீங்களும் ஒரு வாய் தின்னுங்களேன்."

"என்னையும் நோயாளியாக்கி ஓரமாக உட்கார வைக்கப் பார்க்கிறாயா?"

வெண்காலன் இன்னொரு வாய் தழையை மென்றது. கசப்பில் அதன் முகம் கோணியது. தன்னைத்தான் பழித்துக் காட்டுகிறது என்று திமிலன் எடுத்துக்கொண்டது.

அந்தக் கோபத்தோடு நேராக உப்பு மேட்டுக்குப் போய் நக்கியது. திரும்பிப் பார்த்தால் வரிசையில் பாதியைக் காணோம். எல்லாம் வெண்காலனோடு சரிவில் நின்றன. திமிலன் முக்காரமிட்டு மேலே பாய்ந்தது. பாதி வழியில் வலது முன்னங்கால் மடங்கியது. தடுக்கியது கல் அல்ல. வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டது. கூப்பிட நினைத்தது, குழறல்தான் வந்தது.

வெண்காலனும் மற்றவையும் அதைத் தாங்கிக் குளத்தங்கரைக்குக் கொண்டுவந்தன. உயிர் தப்பியது, கால் பழையபடி வருமா என்று சொல்ல முடியாது, தழையை இன்றே தொடங்கு என்றது அட்டை. அன்று முதல் வெண்காலன் தினமும் வாயில் கவ்வி வந்த தழையைத் திமிலன் தலைகுனிந்து தின்றது.

கூட்டம் வெண்காலனைத் தலைவனாக்கி உப்பு மேட்டுக்கு அழைத்துப் போனது. திமிலன் காலை இழுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றது. அதன் கண் முதல் இடத்திலேயே இருந்தது.

வெண்காலன் மேட்டின் முன்னால் போனது. ஒருமுறை மோந்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்ததுக்கு வழிவிட்டது.

"உனக்கு இந்த முதல் இடம் வேண்டாமா?" என்று குழறியது திமிலன்.

"எனக்கு எப்போது வேண்டியிருந்தது, அண்ணே?"

வலி இல்லாததால் நோயும் இல்லை என்று நம்பி, தன் உடம்பைக் கவனிக்காமல் அடுத்தவனையே கவனித்துக்கொண்டிருப்பவன், யாரும் பறிக்க நினைக்காததையும் தானே இழப்பான்.