கொடிக்கம்பத்து நிழல்

சமுதாயக் கல்லூரியின் மாடி வகுப்பில் அன்னக்கொடி என்றொரு மாணவி இருந்தாள். வயது நாற்பத்தாறு. எட்டாவதோடு பள்ளியை விட்டவள். போன வருடம்தான் பத்தாவதைத் தனித்தேர்வாக எழுதித் தேறி, மழலையர் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்திருந்தாள்.

அவளுடைய ஆசிரியை ஜெரினாவுக்கு முப்பது வயதுதான்.

திங்கட்கிழமை அன்னக்கொடி ஒரு பள்ளிக்குப் போய், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிழலைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டும். பாடக்குறிப்பில் ஜெரினாவின் கையெழுத்து விழுந்தால்தான் போகலாம். மூன்று முறை எழுதிக் கொடுத்தாயிற்று. மூன்று முறையும், "இன்னொரு தடவை யோசிங்கக்கா" என்று திரும்பி வந்துவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை.

"இன்னைக்கும் போடலைன்னா நான் நின்னுக்கிறேன் மிஸ்," என்றாள் அன்னக்கொடி. "வீட்டுல ஏற்கெனவே, 'கிழவி பை தூக்கிட்டுப் புறப்பட்டுட்டா'ன்னு கேலி. எட்டாவதுல ஒருதரம் நின்னவதானே. பழகிப்போச்சு."

"நின்னுக்கலாம். முதல்ல வாசிங்கக்கா."

நோட்டின் நடுவே நேர்கோடு. இடப்பக்கம் ஆசிரியர் செயல்பாடு. வலப்பக்கம் மாணவர் செயல்பாடு.

"நிழல் பற்றி விளக்குவார்... கவனிப்பர். படம் வரைந்து காட்டுவார்... கவனிப்பர். மீண்டும் விளக்குவார்..." மூச்சு வாங்கியது. வலப்பக்கம் முழுக்க, மேலிருந்து கீழ்வரை அந்த ஒரே சொல்தான்.

"எங்க மிஸ் தப்பு? எழுத்துப்பிழையா?"

ஜெரினா நோட்டை மூடினாள்.

"நிழல் நகரும்னு உங்களுக்கு யாருக்கா சொல்லிக்கொடுத்தது?"

"யாரும் சொல்லல மிஸ். நாங்களாத்தான்..." அன்னக்கொடி நிறுத்தினாள். முப்பத்தெட்டு வருடத்துக்கு அப்பால் ஒரு வெயில் அடித்தது.

"மூணாப்புல எஸ்தர் டீச்சர். கொடிக்கம்பத்து நிழல் முடியுற இடத்துல ஆளுக்கொரு கல்லு வைங்கன்னாங்க. அடுத்த பெல்லுக்குப் போய்ப் பார்த்தா, கல்லு ஒரு பக்கம், நிழல் ஒரு பக்கம். என் கல்லைத் தவமணிதான் நகத்திட்டான்னு சட்டையைப் பிடிச்சேன். பட்டன் தெறிச்சுப்போச்சு." அவளுக்கே சிரிப்பு வந்தது. "அவன் அழுதுக்கிட்டே, 'கல்லு நகரலடி, நிழல்தான் நகருது'ன்னான். திருட்டுப்பய, பொய் சொல்றான்னு நெனச்சேன். மறுபடி கல்லை வச்சு நானே காவல் உக்காந்தேன். சத்துணவுக்குக்கூட எந்திரிக்கல. என் கண்ணு முன்னாடியே நிழல் கல்லை விட்டு விலகிப் போச்சு மிஸ்."

அந்தக் கல் இன்னும் சுடுவதுபோல் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டாள்.

"அவ்வளவு நேரமும் டீச்சர் என்ன செஞ்சாங்க?"

"டீச்சரா?" அன்னக்கொடி யோசித்தாள். "தண்ணித் தொட்டிகிட்ட நின்னாங்க. முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு எங்களையே பார்த்துட்டு இருந்தாங்க. ஒரு வார்த்தை சொல்லல."

ஜெரினா நோட்டைத் திறந்து, பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டாள்.

அன்னக்கொடி பதறினாள். "நான் இன்னும் ஒரு எழுத்துகூட மாத்தலையே மிஸ்!"

ஜெரினா வலப்பக்கத்தில் இருந்த 'கவனிப்பர்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தாள். நடுக்கோட்டைத் தாண்டி, மெதுவாக இடப்பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"வார்த்தை சரிதான்க்கா. பக்கம்தான் மாறிப்போச்சு."