அரசர் நடந்தால்தான் வண்டி நகரும்

சாலை என்றாலே மாட்டுவண்டிதான் என்றிருந்த முன்னொரு காலத்தில், மருதவர்மன் என்றோர் அரசன் இருந்தான். நல்லவன்தான். ஆனால் புதுப்பட்டு உடுத்தினால் அதை ஊருக்குக் காட்டாமல் அவனால் இருக்க முடியாது. மழை ஓய்ந்த ஒரு நாள் அப்படிக் கடைத்தெருவில் நடந்து வந்தபோது, முத்தரசி என்ற மீன்காரியின் வண்டி விரைந்து வந்து பட்டு முழுக்கச் சேற்றை வாரி இறைத்துவிட்டது.

“வண்டிகளுக்கு ஒரு வேக வரம்பு வேண்டும்!” என்று சபையில் குதித்தான் அரசன். எந்த வேகம் என்று யாருக்கும் தெரியவில்லை. அமைச்சர் செண்பகராயர் எழுந்தார். சாலையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அரசனைப் பற்றி நன்றாகத் தெரியும்.

“அரசே, தாங்கள் நடக்கும் வேகமே வரம்பாகட்டும். தங்களை மிஞ்சிச் செல்ல எந்த மாட்டுக்கு உரிமை உண்டு?”

அரசனுக்கு உச்சி குளிர்ந்தது. அன்றே சட்டம் வந்தது. முத்தரசியின் இரண்டு மாடுகளையும் பிடித்துக் கட்டினார்கள். அவள் சபைக்கே வந்து அழுதாள்.

“கடக்கரையில இருந்து ராசா நடையில வந்தா மீனெல்லாம் நாறிப் போவும் சாமி. மாட்டையும் புடிச்சிட்டா நான் எப்படிப் பொழைப்பேன்?”

அரசவை விகடன் சொக்கப்பனுக்கு மனசு கேட்கவில்லை. “மாடுகளை விட்டுவிடலாமே, அரசே” என்றான். அவன்மேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்த செண்பகராயருக்கு இது போதாதா?

“இரக்கமுள்ளவர் சட்டத்தை நடத்திக் காட்டட்டும். நாளை ஒரு வண்டிகூட அரசரை மிஞ்சாவிட்டால் மாடுகளை விடலாம். மிஞ்சினால் மாடுகள் ஏலத்துக்கு, சொக்கப்பன் நாடு கடத்தலுக்கு!”

அரசன் தலையாட்டினான். “உத்தரவு” என்றான் சொக்கப்பன்.

அவன் அரண்மனையிலிருந்து நகர வாசல்வரை முரசுக்காரர்களை நிறுத்தினான். அரசன் நடந்தால் முரசு ஒலிக்கும், வண்டிகள் நகரும். அரசன் நின்றால் முரசு அடங்கும், வண்டிகளும் நிற்கும்.

மறுநாள் அரசன் சாவகாசமாக எழுந்து ஊஞ்சலில் உட்கார்ந்தான். பால் வரவில்லை. உச்சிவேளைக்குச் சோறும் வரவில்லை.

“சாப்பாடு எங்கே?” என்று கத்தினான்.

“அரிசி வண்டி நகர வாசலில் நிற்கிறது, அரசே. தாங்கள் உட்கார்ந்திருக்கும்போது அது நகர்ந்தால் தங்களை மிஞ்சியதாகிவிடாதா?” என்றான் சொக்கப்பன்.

அரசன் எழுந்து முற்றத்தைச் சுற்றி நடந்தான். முரசு ஒலித்தது. “எங்கே வருகிறது?”

“கடைத்தெருவில் ஊர்கிறது, அரசே. தாங்கள் சற்று ஓடினால் அதுவும் ஓடும்.”

பசி வந்தால் அரசனென்ன, ஆண்டியென்ன? பட்டை வரிந்து கட்டிக்கொண்டு ஓடினான். செண்பகராயர் விசிறியோடு பின்னால் ஓடினார்.

“மெல்ல, அமைச்சரே! அரசரை முந்திவிடாதீர்கள்!” என்றான் சொக்கப்பன்.

மூச்சிரைக்க அரசன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். முரசு அடங்கியது. சமையற்கட்டு வாசல்வரை வந்துவிட்ட வண்டி அங்கேயே நின்றது. மாடுகள் அவனைப் பார்த்தபடி அசைபோட்டன. அரசனுக்குச் சிரிப்பு பீறிட்டது.

“சட்டத்தை மாற்றுகிறேன்! சரியான வேகம் எது, சொல்.”

“எனக்கென்ன தெரியும், அரசே? சாலையில் போகிறவளைக் கேட்போம்.”

முத்தரசியை அழைத்தார்கள். “கடக்கரைச் சாலையில ஆளே கெடையாது சாமி, வெரட்டலாம். கடத்தெருவுல புள்ளைங்க குறுக்க ஓடும். அங்க நான் மெல்லத்தான் வந்திருக்கணும். அன்னிக்குத் தப்பு என் மேலதான்” என்றாள்.

அவள் மாடுகள் அப்போதே அவிழ்க்கப்பட்டன. இனி அந்தந்த ஊர்ச்சபையே தன் சாலையில் போகிறவர்களையும் குடியிருப்பவர்களையும் கேட்டு வேகத்தை வைக்கலாம், வேண்டும்போது மாற்றலாம் என்று ஆணை பிறந்தது. ஊர் ஊராகப் போய் அதைச் சொல்லும் வேலை செண்பகராயருக்கு, முத்துமாலை சொக்கப்பனுக்கு.

வயிறார உண்ட அரசன் கொட்டாவி விட்டான். “சொக்கப்பா, இப்போது நான் சற்றுப் படுக்கலாமா?”

“தாராளமாகப் படுங்கள், அரசே. இனி தாங்கள் தூங்கினாலும் நாடு நகரும்.”

அரசன் சிரித்த சிரிப்பில் வந்த தூக்கமும் போய்விட்டது.