மூத்தவர் மடிக்கும் இலை

மாசிலாமணி மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்தபோது, அவருடைய அண்ணன் ஏகாம்பரத்தின் பதினாறாம் நாள் காரியம் அப்போதுதான் முடிந்திருந்தது. வாசற்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. இடது காலில் ஆறாத புண். உடம்பைக் குறைக்காவிட்டால் அண்ணன் போன வழிதான் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

ஆசிரமத்தின் குரு நிறைமதி அம்மை. மாசிலாமணியைவிட வயதில் இளையவர். நெடுநாள் வயிற்றுப்புண்காரர். ஒரு நாளைக்கு ஒரு வேளை கஞ்சி, அதுவும் அரைக் குவளை, அவ்வளவுதான் அவர் சாப்பாடு.

மாசிலாமணி தரையில் விழுந்து வணங்கினார். எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

"எனக்கு ஒரு திட்டம் போட்டுக் கொடுங்க தாயே. காலையில இது, மத்தியானம் இதுன்னு. சாகிற வரைக்கும் மீற மாட்டேன்."

"இதுக்கு முன்னாடி யாரும் போட்டுக் கொடுக்கலையா?"

கொடுத்திருந்தார்கள். பட்டணத்தில் உடல் இளைக்கவைக்கும் நிலையம் ஒன்று இருந்தது. வேளைக்கு ஒரு டப்பா சாப்பாடு வீடு தேடி வரும். அண்ணனும் தம்பியும் சேர்ந்தே அதில் சேர்ந்தார்கள். வாயைக் கட்டினார்கள், இளைத்தார்கள். நிலையத்தார் மேடையேற்றி மாலை போட்டார்கள். திட்டம் முடிந்ததும், விரதம் முடித்தவர்களுக்குச் செய்வது போல வீட்டில் வடை பாயசத்தோடு விருந்து. அப்புறம் என்ன, பழைய குருடி கதவைத் திறடிதான். உடம்பு முன்னைவிடப் பெருத்தது. மறுபடி நிலையம், மறுபடி டப்பா, மறுபடி மேடை. கடைசித் தடவை விருந்து முடிந்து கைகழுவப் போன ஏகாம்பரம் குழாயடியிலேயே விழுந்தார். அன்று காலையில் மேடையில் போட்ட மாலை வாடுவதற்குள் வீட்டில் இன்னொரு மாலை போட வேண்டியதாயிற்று.

அம்மை கேட்டுக்கொண்டிருந்தார்.

"டப்பாச் சாப்பாட்டை எப்ப நிறுத்துவீங்க?"

"டப்பா காலியானதும்."

"வீட்டுச் சாப்பாட்டை?"

அந்தத் துக்கத்திலும் மாசிலாமணியின் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப்பார்த்தது. அவர்கள் வீட்டில் பந்திக்கு ஒரு முறை உண்டு. மூத்தவர் இலையை மடிக்காமல் இளையவர் மடிக்கக் கூடாது. மடித்தால் மரியாதைக்கேடு.

"அண்ணன் மடிச்ச பிறகுதான் நான் மடிப்பேன். ஒருநாளும் முந்தினதில்லை தாயே."

அம்மை சமையற்காரரைக் கூப்பிட்டு எதிரெதிராக இரண்டு இலை போடச் சொன்னார்.

குருவே தன்னோடு பந்தியில் உட்கார்வார் என்று மாசிலாமணி எதிர்பார்க்கவில்லை. வயதில் இளையவரானாலும் குரு குருதான். அவர் கை வைத்த பிறகே இவரும் கை வைத்தார். சாம்பார் வந்தது, ரசம் வந்தது. அம்மையும் பிசைந்து சாப்பிட்டார். மறுசோறு வந்தபோது சமையற்காரர் தயங்கி அம்மையின் முகத்தைப் பார்த்தார். போடு என்று அம்மை கண்ணால் சொன்னார்.

பாயசம் வந்தது. மோர் வந்தது. மறுபடியும் சோறு வந்தது. மாசிலாமணி இடுப்பு வேட்டியைத் தளர்த்திக்கொண்டார். ஓரக்கண்ணால் பார்த்தார். அம்மை இலையை மடிக்கவில்லை. நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது, ஆனாலும் கை வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. மாசிலாமணியும் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொரு வாயாகத் தள்ளினார்.

திடீரென்று அம்மை வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். கிணற்றடிவரை போக முடியவில்லை. முற்றத்திலேயே குடலைப் பிடுங்குவது போல வாந்தியெடுத்தார். மண்ணில் சோற்றோடு இரத்தமும் கிடந்தது. சீடர்கள் ஓடிவந்து தாங்கிக்கொண்டார்கள்.

மாசிலாமணி தூணைப் பிடித்து எழுந்து, எச்சில் கையோடு முற்றத்துக்கு வந்தார். பயத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"இந்த வயித்தை வச்சுக்கிட்டு எதுக்குத் தாயே இவ்வளவு சாப்பிட்டீங்க?"

அம்மைக்குப் பேச மூச்சு வரச் சற்று நேரமாயிற்று.

"உங்களுக்கு எப்ப வயிறு நிறைஞ்சது?"

"ரசத்துக்கே நிறைஞ்சுருச்சு. நீங்க இலையை மடிக்கலையே, நான் எப்படி மடிக்கிறது?"

அம்மை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு ரெண்டு வாயிலேயே நிறைஞ்சுருச்சு. தம்பி கை இலையில இருக்கும்போது மூத்தவங்க எப்படி மடிக்கிறது?"

மாசிலாமணி அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். எச்சில் காயாத கையைப் பார்த்து, அண்ணா என்றார்.