கோட்டோரம் உட்கார்ந்த கீரி

காட்டோடை வற்றிக்கொண்டே வந்தது. கடைசியில் பாறைக்கு அடியில் ஒரே ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் மிஞ்சியது.

மேற்குக் கரை விலங்குகளுக்கும் கிழக்குக் கரை விலங்குகளுக்கும் அந்த ஒரு மடுதான். யார் முதலில் குடிப்பது என்று கோடைதோறும் சண்டை வந்தது. கடித்துக்கொண்டு சாவதைவிட விளையாடித் தீர்த்துக்கொள்ளலாம் என்று இரு கரையும் முடிவு செய்தன. காய்ந்த ஓடை மணலில் சடுகுடு ஆட்டம். ஜெயித்த கரை கோடை முழுவதும் முதலில் குடிக்கும். தோற்ற கரை பிறகு குடிக்கும்.

பிறகு குடித்தால் என்ன என்று கேட்கலாம். கிழக்குக் கரையில் ஒரு காட்டுப்பன்றி இருந்தது. அது தண்ணீர் குடித்துவிட்டுச் சும்மா போகாது. மடுவில் இறங்கிப் புரளும். அதற்குப் பிறகு அங்கே இருப்பது தண்ணீர் அல்ல, சேறு.

மேற்குக் கரை அணியில் அணில், முயல், மயில், அவற்றோடு துடி என்ற கீரி. கிழக்குக் கரை அணியில் காட்டுப்பன்றி, நரி, ஓணான், உடும்பு. முள்ளம்பன்றிக்கும் ஆட ஆசைதான். ஆனால் அதை யார் பிடிப்பது? அதனால் அதை நடுவராக்கிவிட்டார்கள். நடுக்கோடாக ஒரு சாரைப்பாம்பு மணலில் நீட்டிப் படுத்துக்கொண்டது.

"கீரி தாண்டும்போது மட்டும் சொல்லிட்டுத் தாண்டச் சொல்லுங்க! நான் கண்ணை மூடிக்கறேன்!" என்றது பாம்பு.

"கோடு பேசக் கூடாது!" என்று அதட்டியது முள்ளம்பன்றி.

விதிகள் எளிமையானவை. 'சடுகுடு, சடுகுடு' என்று ஒரே மூச்சில் பாடிக்கொண்டு எதிரணிக்குள் போக வேண்டும். தொட்டுவிட்டு, பாட்டு அறுவதற்குள் கோட்டைத் தாண்டித் திரும்ப வேண்டும். தொடப்பட்டவர் செத்தார்; பிடிக்க வந்தவர் சாக மாட்டார். உள்ளேயே பிடிபட்டு மூச்சு அறுந்தால், பாடப் போனவர் செத்தார். செத்தவர் வீட்டுக்குப் போகக் கூடாது. எல்லைக்கோட்டின் ஓரமாக வரிசையில் உட்கார வேண்டும். தன் அணியில் ஒருவர் யாரையாவது தொட்டுவிட்டு வந்தால், வரிசையில் முதலில் இருப்பவருக்கு உயிர் வரும். எத்தனை பேரைத் தொட்டாலும் ஒரு பாட்டுக்கு ஓர் உயிர். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அந்த உயிர் வீண். எந்த அணி மொத்தமாகச் சாகிறதோ, அந்த அணி தோற்றது.

போன கோடையில் துடி பாடப் போனது. உடும்பு அதன் காலைக் கவ்வியது. உடும்புப் பிடியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? துடியின் மூச்சு அறுந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். துடி கோட்டோரம் உட்காரவில்லை. வெட்கம் தாங்காமல் ஓடிப்போய் ஒரு காரைப் புதருக்குள் புகுந்துகொண்டது.

பிறகு அணிலும் முயலும் செத்தன. தனியாக நின்ற மயில் ஓணானைத் தொட்டுவிட்டு வந்தது. "கீரிக்கு உயிர்!" என்று முள்ளம்பன்றி கூவியது. கீரி இல்லை. அந்த உயிர் வீணானது. அடுத்த பாட்டில் மயிலும் பிடிபட்டது. மேற்குக் கரை தோற்றது. அந்தக் கோடை முழுவதும் சேறு குடித்து, முயலின் குட்டிகள் வயிற்றுவலியில் சுருண்டு கிடந்தன.

புதருக்குள் இருந்த துடிக்கு இது எதுவும் தெரியாது. தோற்றோம் என்று மட்டும்தான் தெரியும். அதற்குப் பிறகு அணில் அதனோடு பேசவே இல்லை. நரி அதற்கு 'மூச்சறுந்தவள்' என்று பெயர் வைத்தது.

'எல்லாம் என் மூச்சால் வந்தது' என்று துடி நினைத்துக்கொண்டது. ஆண்டு முழுவதும் மூச்சைப் பழக்கியது. மடுவில் தலையை அமுக்கிக்கொண்டு கிடந்தது. பாடிக்கொண்டே கரட்டுக் குன்றில் ஏறியது, பாடிக்கொண்டே இறங்கியது. இந்தக் கோடை வந்தபோது காட்டிலேயே நீளமான மூச்சு அதனிடம்தான் இருந்தது.

ஆட்டம் தொடங்கியது.

"நான் முதல்ல போறேன்!" என்றது துடி.

"அம்மாடி, மூச்சறுந்தவளே! போன வருஷம் படுத்த புதர் அப்படியே இருக்கு. கூட்டிப் பெருக்கி வைக்கச் சொல்லவா?" என்றது நரி. மரத்தில் இருந்த குரங்குகள் கிளைகளைக் குலுக்கிச் சிரித்தன.

துடி பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டியது. "சடுகுடு, சடுகுடு, சடுகுடு!" பன்றியை நோக்கிப் பாய்ந்தது. பன்றி விலகியது. அதன் பின்னால் உடும்பு நின்றது. சடக்கென்று துடியின் பின்னங்காலைக் கவ்வியது.

துடி பாட்டை விடவில்லை. பாடிக்கொண்டே இழுத்தது, திமிறியது, புரண்டது. உடும்பு அசையவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோலக் கிடந்தது. எவ்வளவு நீளமான மூச்சும் ஓரிடத்தில் முடியத்தானே வேண்டும்? துடியின் பாட்டு அறுந்தது.

"கீரி செத்தது!"

"புதர் அந்தப் பக்கம்மா! பாதை மறந்துடப் போகுது!" என்று நரி வழி காட்டியது.

ஆண்டு முழுவதும் உழைத்தும் அதே கால், அதே பிடி, அதே சிரிப்பு. துடியின் கால்கள் தாமாகவே புதரை நோக்கித் திரும்பின.

"எங்கடி போற?" களத்துக்குள் இருந்தே அணில் கத்தியது.

"என்னை விடு. எல்லாரும் சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும்! உன் மூச்சு அறுந்ததுக்காகவா நான் இத்தனை நாளும் உன்கூடப் பேசலைன்னு நெனச்சே?"

"பின்னே எதுக்கு?"

"எனக்கும்தான் அறுந்துச்சு. முயலுக்கும் அறுந்துச்சு. ஆட்டம்னா அறும்! உயிர் வந்தப்ப நீ இல்ல பாரு, அதுலதான் தோத்தோம். நடுவர் உன் பேரைக் கூப்பிட்டாரு. நீ உக்கார வேண்டிய இடம் காலியா இருந்துச்சு. 'அந்த உயிரை எனக்காவது குடுங்க'ன்னு நான் தொண்டை கிழியக் கத்தினேன். குடுக்கல!"

துடி நின்றுவிட்டது. ஓட்டை ஓரிடத்தில் இருக்க, ஆண்டு முழுவதும் வேறோர் இடத்தை அல்லவா அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது!

அது திரும்பி வந்தது. எல்லைக்கோட்டின் ஓரமாக உட்கார்ந்தது.

உட்காருவது ஓடுவதைவிடக் கடினமாக இருந்தது. மணல் சுட்டது. குரங்குகள் புளியங்கொட்டைகளை எறிந்தன. எறிந்ததில் ஒன்று மூக்கில் பட்டது. துடிக்கு அழுகை வந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

நரி பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தது. "என்ன, செத்தும் போக மனசில்லையா?"

துடி நிமிர்ந்து பார்த்தது. "செத்தேன். போகலை. எனக்கு உயிர் வரும். வந்ததும் மறுபடியும் உன் எல்லைக்குள்ளதான் வருவேன்!"

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பியது. புதருக்குள் ஓடியவர்களைக் கேலி செய்துதான் அதற்குப் பழக்கம். எதிரே உட்கார்ந்து பார்ப்பவரைக் கேலி செய்து பழக்கம் இல்லை.

மயில் பாடிப் போய் ஓணானைத் தொட்டுவிட்டு வந்தது.

"கீரிக்கு உயிர்!"

"இருக்கேன்!" என்று துள்ளிக் குதித்தது துடி.

மறுபடியும் பாடப் போனது. மறுபடியும் உடும்பு கவ்வியது. மறுபடியும் பாட்டு அறுந்தது. குரங்குகள் மரத்தை உடைத்துவிடுவதுபோல ஆட்டின.

முள்ளம்பன்றி தொண்டையைச் செருமிக்கொண்டு, "கீரி செத்தது! கீரி உடனடியாகக் கோட்டோரம் போய்..." என்று சொல்லித் திரும்பியது.

"உக்காந்தாச்சு ஐயா," என்றது துடி.

குரங்குகள் சிரித்தன. இந்த முறை அவை முள்ளம்பன்றியைப் பார்த்துச் சிரித்தன.

ஆட்டம் மேற்குக் கரைக்கு மோசமாகப் போயிற்று. பன்றி பாடிக்கொண்டு வந்து, முயலையும் அணிலையும் ஒரே ஓட்டத்தில் இடித்துவிட்டுப் போனது. ஓணானுக்கு உயிர் வந்தது. முயலும் அணிலும் துடிக்கு அடுத்து வரிசையில் வந்து உட்கார்ந்தன. முயல் மடுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அங்கே அதன் குட்டிகள் காத்திருந்தன.

உள்ளே மயில் மட்டும்தான். அது கோட்டைத் தாண்டிப் போய்த் தோகையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றியது. முதலில் நரி, பிறகு பன்றி, ஓணான் என மூன்றின் மேலும் தோகை பட்டது. திரும்பும்போது உடும்பு தோகையைக் கவ்வியது. துடி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. மயில் ஒரே உதறாக உதறி, பாதித் தோகையை உடும்பின் வாயிலேயே விட்டுவிட்டுக் கோட்டுக்கு வந்து விழுந்தது.

"தோகை உடம்பாகுமா? செல்லாது!" என்று குதித்தது நரி.

"முள் என் உடம்பு என்றால் தோகை அதன் உடம்பு. மூன்றும் செத்தன! ஒரு பாட்டுக்கு ஓர் உயிர். கீரிக்கு உயிர்!" என்றது முள்ளம்பன்றி.

துடி உள்ளே போனது. அடுத்து உடும்பு பாடி வந்தது. வலியில் நகர முடியாமல் நின்ற மயிலைத் தொட்டுவிட்டுப் போனது. மயில் செத்தது. கிழக்கே நரிக்கு உயிர் வந்தது.

இப்போது மேற்குக் கரையில் துடி மட்டும். எதிரே உடும்பும் நரியும். பாட வேண்டியது துடியின் முறை. பிடிபட்டால் கோடை முழுவதும் சேறு.

"மூச்சறுந்தவளே, வா வா! மூணாவது தடவையும் சாக வா!" என்று உடும்பின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நரி கத்தியது.

"மூணாவது தடவைதான். நாலாவது தடவையும் வருவேன். எண்ணிக்கிட்டே இரு!"

துடி மூச்சை இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டியது. "சடுகுடு, சடுகுடு, சடுகுடு!"

பிடிபட்டபோதெல்லாம் அதற்குத் தெரிந்தது வலி மட்டும்தான். கோட்டோரம் உட்கார்ந்தபோதுதான் பிடி தெரிந்தது. மயிலைக் கவ்வும் முன் உடும்பு முதலில் முன்னங்கால் நகங்களை மணலில் ஆழமாக ஊன்றியது. ஊன்றிய நகங்களை உடனே பிடுங்க அதனால் முடியவில்லை.

துடி நேராக உடும்பின் முன்னால் போய் நின்றது. காலை நீட்டியது. உடும்பு நகங்களை ஊன்றியது. வாயைத் திறந்தது.

துடி காலை இழுத்துக்கொண்டு மேலே எழும்பியது. உடும்பின் முதுகில் ஒரு மிதி. அங்கிருந்து நரியின் மூக்கில் ஓர் அறை. பிறகு மணலில் குதித்து ஓட்டம். உடும்பு நகங்களைப் பிடுங்கித் திரும்பியபோது அதன் வாயில் வெறும் காற்றுதான் அகப்பட்டது.

"...சடுகுடு, சடுகுடு, சடு..."

"ஐயோ, என் முதுகு!" என்று அலறியது நடுக்கோடு.

மேற்குக் கரை எழுந்து கூவியது. நரி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தது. "செல்லாது! கோட்டுக்கு முன்னாடியே பாட்டு அறுந்துடுச்சு. நான் கேட்டேன்! வேணும்னா பாம்பையே கேளுங்க!" கீரிக்குச் சாதகமாகப் பாம்பு சாட்சி சொல்லுமா என்பது அதன் கணக்கு.

முள்ளம்பன்றி பாம்பைப் பார்த்தது. "இப்போது கோடு பேசலாம்."

பாம்பு தலையைத் தூக்கியது. "எனக்குக் கீரியைக் கண்டாலே ஆகாது. ஆனா என் முதுகை மிதிச்சப்பவும் அது பாடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான் கோடுங்க. கோடாம, யார் பக்கமும் சாயாம இருக்கறதுதானே என் வேலை!"

"கிழக்குக் கரை மொத்தமும் செத்தது. மேற்குக் கரை ஜெயித்தது!" என்றது முள்ளம்பன்றி.

முயலின் குட்டிகள் தெளிந்த தண்ணீரில் முதலில் வாய் வைத்தன. அணில் துடியின் அருகில் வந்து, மூக்கில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டது. "சரி, இனிமே பேசலாம்," என்றது.

உடும்பு மெதுவாக நடந்து வந்தது. "தங்கச்சி, என்கிட்ட இருக்கறது அந்த ஒரே ஒரு பிடிதான். ஒரு தடவை மாட்டினவங்க அதோட பயந்து ஒதுங்கிடுவாங்க. மூணாவது தடவை யாரும் வந்ததே இல்ல. அதனால இன்னொரு பிடி கத்துக்க எனக்கு அவசியமே வரல."

"இப்ப கத்துக்குங்க, உடும்பண்ணே. அடுத்த கோடையிலயும் நான் வருவேன்!" என்றது துடி.

விழுந்தவர் தோற்றவர் அல்லர். மறுபடியும் அழைக்கும்போது அங்கே இல்லாதவரே தோற்றவர்.