பின்சீட்டில் யார் உட்காருவார்கள்?

"வண்டியை ஃபெயில் பண்ணிட்டான்மா," என்றார் சங்கரலிங்கம்.

மங்களா அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாரு?"

"நம்ம இன்பராஜ்தான்."

மலைமேல் இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்துக்கு அம்மாதான் குரு. சங்கரலிங்கம் அவரைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் சீடர். பணி ஓய்வு பெற்று, தன் பழைய டீசல் காரில் ஒருநாள் மேலே வந்தவர், திரும்பிப் போகவில்லை.

காரும் போகவில்லை. மலையில் யாருக்கு என்ன வந்தாலும் அந்தக் கார்தான் கீழே ஆஸ்பத்திரிக்கு ஓடும். அதன் ஹாரன் சத்தம் கேட்டாலே, எந்த வீட்டில் பிரசவ வலி என்று பெண்கள் வாசலுக்கு வந்து விசாரிப்பார்கள்.

இன்பராஜும் அம்மாவிடம் படித்தவன். இப்போது அடிவாரத்து ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர்; வண்டிகள் ஓடத் தகுதியானவையா என்று சோதித்துச் சான்று கொடுப்பவன்.

"உங்க காலடியில உக்காந்து படிச்சவன். கொஞ்சம் கண்டும் காணாம விட்டிருக்கலாம் இல்லையா?"

"என்ன பண்ணினான்? முதல்லேருந்து சொல்லுங்கண்ணா."

"காக்கிச் சட்டையோட மண்ணுல மல்லாந்து படுத்தான். அப்படியே வண்டிக்கு அடியில போயிட்டான். எல்லா வண்டிக்கும் அப்படித்தான் போறான்."

"நம்ம வண்டிக்குமா?"

"நம்ம வண்டிக்கும்தான்."

அம்மா கீரையைக் கீழே வைத்தார்.

"அப்புறம்?"

"ஓட்டிக் காட்டச் சொன்னான். எப்பவும் இன்ஸ்பெக்டருங்க எனக்குப் பக்கத்துல உக்காருவாங்க. இவன் பின்னால போய் உக்காந்தான். ஒரு சுத்து போயிட்டு வந்ததும், 'இந்த சீட்டுல யாருங்கய்யா உக்காருவாங்க?'ன்னு கேட்டான். நோயாளிங்க, பிள்ளைத்தாச்சிங்கன்னு சொன்னேன். அதைக் கேட்டாவது இரக்கம் வரும்னு நினைச்சேன். அடித்தகடு துருப்பிடிச்சுப் போச்சுன்னு எழுதிட்டான். மலை ஏத்தக் கூடாதுன்னுட்டான். வண்டியை அந்தச் சோதனை மைதானத்துலயே விட்டுட்டு பஸ்ல வரேன்."

அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. வெகுநாள் காத்திருந்த சேதி வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. சங்கரலிங்கத்துக்கு எரிச்சலாக வந்தது.

"வெல்டர் ஒருத்தர், மேலாப்ல ஒரு தகடு வெச்சுப் பெயின்ட் அடிச்சாப் போதும்கிறார். இன்னொருத்தர், இதுக்கு மேல இது தேறாது, எடைக்குப் போட்டுடுங்கன்னு சொல்றார். எனக்கு மனசு வரல. ரிப்பேரா, எடைக்கா? நீங்கதான் சொல்லணும். இல்லேன்னா, நீங்க அவனுக்கு ஒரு போன் போட்டா..."

"காலையில முதல் பஸ் எப்பண்ணா?"

சங்கரலிங்கத்துக்கு மனசு லேசானது. அம்மாவே வரும்போது போன் எதற்கு?

*

மைதானம் முழுக்க லாரிகளும் ஆட்டோக்களும் நின்றன. டிரைவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். அம்மா போய்க் கடைசி ஆளாக நின்றார்.

இன்பராஜ் பார்த்துவிட்டான். ஓட்டமாக வந்தான். பத்தடி தள்ளியே நின்றுவிட்டான். முகம் வெளிறியிருந்தது.

"அம்மா, வேற எது கேட்டாலும் செய்றேன். அதை மட்டும் கேக்காதீங்க."

"கேக்க வரல. பாக்க வந்தேன்."

"வண்டியையா?"

"உன்னை."

அவன் இன்னும் இரண்டடி கிட்டே வந்தான்.

"எழுதும்போது கை நடுங்கிச்சா?"

"ரொம்ப நடுங்கிச்சும்மா."

"ஆனாலும் எழுதின."

அத்தனை டிரைவர்கள் முன்னால் அம்மா இரண்டு கைகளையும் கூப்பினார். இடுப்பு வளைய, நிதானமாக, அவனை வணங்கினார். தன் குருவின் படத்துக்கு முன்னால் மட்டுமே அவர் அப்படி வணங்கி சங்கரலிங்கம் பார்த்திருக்கிறார்.

கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இன்பராஜ் நின்றான். வரிசையில் யாரோ பீடியைக் கீழே போட்டு மிதித்தார்கள்.

அம்மா திரும்பினார்.

"அண்ணா, என்கிட்ட என்னவோ கேட்டீங்களே. இவர்கிட்ட கேளுங்க."

இவர், என்றார்.

ரிப்பேரா, எடைக்கா? கேள்வி சங்கரலிங்கத்தின் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

"சார், நீங்க பாத்ததை நானும் பாக்கணும்."

இன்பராஜ் அவரை வேப்பமரத்தடியில் நின்ற காருக்கு அழைத்துப் போனான். பின்சீட்டுக்கு முன்னால் தரையில் விரித்திருந்த ரப்பர் மிதியடியை உருவி வெளியே போட்டான். ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு மண்ணில் படுத்து உள்ளே நகர்ந்தான்.

சங்கரலிங்கம் மேல்துண்டைக் கதவில் போட்டுவிட்டு அவன் பக்கத்தில் படுத்தார். முதுகில் சரளைக்கல் குத்தியது. இத்தனை வருஷத்தில் அவர் தன் வண்டிக்கு அடியில் வந்ததே இல்லை.

இன்பராஜ் தட்டிக்கொண்டே போனான். கணீர், கணீர் என்றது. ஓர் இடத்தில் சத்தம் அமுங்கியது. துரு உதிர்ந்து இருவர் முகத்திலும் விழுந்தது.

துரு உதிர்ந்த ஓட்டை வழியே வெளிச்சம் தெரிந்தது.

"இங்கதான் அவங்க காலை ஊனிக்கிட்டு உக்காருவாங்க," என்றான்.

சங்கரலிங்கம் அந்த வெளிச்சத்தையே பார்த்தார். போன வாரம் ஒரு பெண் வலியில் இதே இடத்தை உதைத்துக்கொண்டே வந்தாள். அவர் கொண்டை ஊசி வளைவுகளில் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்.

"பிரேக்கை ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்கய்யா," என்றான் இன்பராஜ். "இன்ஜினும் அருமை. இந்த வண்டி பிழைக்கும். ஆனா இதை மூடக் கூடாது. கெட்டதை எல்லாம் அறுத்து எடுத்துட்டுப் புதுத்தகடு வைக்கணும். மாசக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் என் காரை மேல கொண்டுபோய் வெச்சுக்குங்க. யாருக்கு எப்ப வலி வருமோ."

சங்கரலிங்கம் கண்ணில் விழுந்த துருவைத் துடைத்துக்கொண்டார்.

"வேற எங்கெல்லாம் கெட்டிருக்கு?"

"முன்பக்கம் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. நேத்து அதை எழுதல. தட்டிப் பாத்தாத்தான் தெரியும். உடைஞ்சாலும் உடையும்."

வெளியே, சக்கரத்தை ஒட்டி அம்மாவின் பாதங்கள் தெரிந்தன. அசையாமல் நின்றன.

"தட்டுங்க சார்," என்றார் சங்கரலிங்கம்.